“சட்டம் இருக்கு, ஸ்டூல் எங்கே?” – முதலாளியிடமும் பள்ளியிலும் வீட்டிலும் பேசிப் பெறுவது எப்படி

(வேலைக்குப் போகும் பெண்கள், மாணவர்கள், பெற்றோர் கலந்துகொண்ட நூலகச் சந்திப்பு ஒன்றில் பேசிய உரையின் எழுத்து வடிவம்.)



கூட்டம்னாலே ஃபோனை சைலன்ட்ல போடச் சொல்வாங்க. நான் சொல்லப்போறதில்லை. ஃபோன் கையிலேயே இருக்கட்டும். நடுவில் நாலைந்து எண்கள் சொல்வேன், அப்பவே சேமிச்சு வெச்சுக்கலாம்.

நான் செய்தித் துறையில் வேலை செய்கிறேன். அரசின் திட்டங்களையும் சட்டங்களையும் எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதுவதுதான் என் தினசரி வேலை. ஆனால் ஒரு சட்டத்தைப் பற்றி எழுதுவது வேறு, அந்தச் சட்டம் ஒருத்தர் வாழ்க்கைக்குள் வந்து சேருவது வேறு. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கல்லூரி இல்லீங்க, எங்க அம்மா.

அம்மா எங்கள் ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறார். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நின்றபடிதான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைப்பது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரியும். சின்ன வயதில் அதை நான் விரலால் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறேன். அது வலி என்று அப்போது எனக்குத் தெரியாது.

2021 செப்டம்பர். நான் இதழியல் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிற எல்லாருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இந்தச் சட்டம் திடீரென்று முளைத்ததில்லை. நமக்கு முன்னால் 2018-இல் கேரளா இதே மாதிரி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் பெண்கள் இருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்து உட்கார ஓர் இடம். கடைக்குள் நாள் முழுக்க நின்ற பெண்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாங்கிய உரிமை அது.

அந்தச் செய்தியை நான் அம்மாவுக்கு ஃபோனில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சட்டம் இருக்கு, சரி. ஸ்டூல் எங்கே இருக்கு?”

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஸ்டூல் வரை ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க யாராவது ஒருவர் இன்னொருவரிடம் போய்ப் பேச வேண்டும். எப்படிப் பேசினால் நடக்கும்?

நான் செய்த தப்பு

முதலில் எப்படிப் பேசினால் நடக்காது என்று சொல்லிவிடுகிறேன். ஏன்னா, அதைச் செய்தது நானேதான்.

எனக்குக் கோபம். அம்மாவிடம் கேட்காமலே அந்தக் கடை சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டேன். பிரிவு 22-ஏ தெரியுமா, சட்டம் படிச்சிருக்கீங்களா, பத்திரிகையில எழுதுவேன் என்று படபடவென்று பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “உங்க அம்மாவுக்கு முடியலைன்னா வீட்டுல இருக்கச் சொல்லும்மா” என்று வைத்துவிட்டார். மறுநாள் அம்மாவை சேலைப் பிரிவிலிருந்து மாற்றி, மூன்றாவது மாடியில் போட்டார்கள். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

அன்று ராத்திரி அம்மா என்னைத் திட்டவில்லை. “நீ பேசினது நியாயம்தான் பாப்பா. ஆனா நீ பேசின ஆளு முடிவு எடுக்கிற ஆளு இல்ல. பேசின நேரமும் சரியில்ல. அங்க நிக்கிறது நான், பேசினது நீ” என்றார்.

இந்த மூன்று வாக்கியத்தில் இருப்பதைத்தான் பிறகு நான் பல இடங்களில் பார்த்தேன். யாரிடம் பேசுவது, எப்போது பேசுவது, யார் பேசுவது. இதோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதிரில் இருப்பவருடைய தயக்கம் என்ன?

அம்மா செய்தது

தீபாவளி முடியட்டும் என்று அம்மா காத்திருந்தார். ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் யாருக்கும் காது கேட்காது. வியாபாரம் ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சேலைப் பிரிவிலும் சுடிதார் பிரிவிலும் இருந்த எட்டுப் பேர் சேர்ந்து நேராக முதலாளியிடமே போனார்கள். எட்டுப் பேரில் மூத்தவர், 14 வருஷம் அதே கடையில் இருப்பவர், அவர்தான் பேசினார்.

முதலாளி சொன்ன தயக்கம் மூன்று. வாடிக்கையாளர் வரும்போது பெண்கள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது. ஸ்டூல் போட்டால் நடைபாதை அடைபடும். ஒருமுறை உட்கார்ந்து பழகினால் எழுந்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் படியேறும்போதே எழுந்துவிடுவோம். நடைபாதையில் வேண்டாம், கவுன்டருக்கு உள்பக்கம் மடக்கு ஸ்டூல் நாலு போதும். பொங்கல் வரைக்கும் பார்ப்போம், வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்றால் நீங்களே சொல்லுங்கள், மறுபடி உட்கார்ந்து பேசுவோம். கடைசியாகத்தான் சட்டம் வந்தது. அதையும் மிரட்டலாகச் சொல்லவில்லை. “இது இப்போ சட்டத்திலயும் இருக்கு மொதலாளி. நாளைக்கு ஆய்வுக்கு வந்தாலும் உங்களுக்கு நல்லதுதானே” என்றார் அந்த அக்கா.

அடுத்த வாரம் நாலு ஸ்டூல் வந்தது. பொங்கல் கழிந்தும் அது அங்கேயே இருந்தது. கோடையில் இன்னும் ஆறு வந்தது. முதலாளிக்குத் திடீரென்று மனம் இளகிவிட்டது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கால் வலி, முதுகு வலி என்று அடிக்கடி லீவு எடுத்தவர்கள் ஒழுங்காக வந்தார்கள், அதை அவரும் பார்த்தார். அம்மாவும் சேலைப் பிரிவுக்குத் திரும்பிவிட்டார்.

கவனிச்சீங்களா? நானும் சட்டம்தான் பேசினேன், அவர்களும் சட்டம்தான் பேசினார்கள். நான் அதைக் கல்லாக எறிந்தேன். அவர்கள் அதை மேஜை மேல் வைத்தார்கள்.

ஒரு பக்கக் கடிதம், ஒரு வாட்ஸ்அப் செய்தி

வாயால் கேட்டது காற்றோடு போகும். அதனால் ஒரு சின்னக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் டைப் செய்ய வராதா? ஃபோன் கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுப் பேசுங்கள், எழுத்தாக வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை. இப்படி இருக்கலாம்:

“ஐயா, வணக்கம். எங்கள் பிரிவில் 8 பேர் வேலை செய்கிறோம். கவுன்டருக்கு உள்பக்கம் மடக்கு ஸ்டூல் 4 போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வாடிக்கையாளர் இருக்கும்போது உட்கார மாட்டோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 22-ஏ இருக்கை வசதி தரச் சொல்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.”

எத்தனை பேர், என்ன வேண்டும், எதிர்த் தரப்புக்கு என்ன உறுதி, எந்தச் சட்டம், எந்தத் தேதி. ஐந்து வரிதான். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். தனியாக ஒருவர் பெயர் மட்டும் வேண்டாம், கேட்டவரைப் பழிவாங்குவது சுலபமாகிவிடும். கொடுப்பதற்கு முன் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்து வந்ததும் ஒரு வாட்ஸ்அப்: “ஐயா, இன்று பேசியபடி அடுத்த வாரம் ஸ்டூல் ஏற்பாடு செய்வதாகச் சொன்னீர்கள், நன்றி.” இதில் மரியாதையும் இருக்கிறது, தேதியோடு ஒரு பதிவும் இருக்கிறது.

சம்பள உயர்வு, வார விடுமுறை, தேர்வுக்கு லீவு என்று எது கேட்டாலும் இதே முறைதான். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவர்கள், தேர்வு அட்டவணை வந்த அன்றே அதன் நகலோடு போய்க் கேளுங்கள். “நாலு நாள் லீவு வேணும்” என்பதைவிட, “இந்த நாலு நாள் காலையில் தேர்வு, மதியம் இரண்டு மணிக்கு வந்துடறேன், இந்த நாட்களில் என் வேலையை இவங்க பார்த்துக்க ஒத்துக்கிட்டாங்க” என்று சொன்னால் முதலாளி யோசிக்க வேண்டிய வேலையில் பாதியை நீங்களே முடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

பள்ளியில்: சரியான மேஜை எது?

இப்போ பள்ளிக்கு வருவோம். என் சித்தி மகன் ஆறாம் வகுப்பு. சித்தப்பாவுக்கு வேலை போய்விட்டது. தனியார் பள்ளியில் கட்டணம் பாக்கி. பையனை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பழைய பள்ளியில் “பாக்கியைக் கட்டுங்க, டி.சி. தர்றோம்” என்றார்கள். மூன்று வாரம் சித்தி அந்த அலுவலக வாசலில் நின்றார். பையன் மூன்று வாரமும் வீட்டில் டி.வி. பார்த்தான்.

இங்கே சித்தி பேசிய விதத்தில் தப்பில்லை. பேசிய மேஜைதான் தப்பு.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது, அதாவது எட்டாம் வகுப்பு வரை. அதன் 5-ஆவது பிரிவு, குழந்தை வேறு பள்ளிக்கு மாறும்போது தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்கிறது. கூடவே இன்னொன்றும் சொல்கிறது: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. நடுவில் படிப்பை விட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 4-ஆவது பிரிவு.

அப்போ சித்தி முதலில் போக வேண்டியது எங்கே? புதிய பள்ளிக்கு. அங்கே தலைமையாசிரியையிடம், “டீச்சர், டி.சி. இன்னும் வரலை. பையன் மூணு வாரமா வீட்டுல இருக்கான். இன்னைக்கே வகுப்புல உட்கார வெச்சுக்கங்க, டி.சி. வந்ததும் கொண்டு வந்து தர்றேன்” என்று கேட்டார். ஆதார் நகல், பழைய மதிப்பெண் அட்டை இரண்டும் கையில் இருந்தன. பையன் அன்றைக்கே வகுப்பில் உட்கார்ந்தான், மதியம் சத்துணவும் அங்கேதான்.

கட்டணப் பாக்கி என்னாச்சு என்று கேட்பீர்கள். அது சித்தப்பாவுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையிலான கணக்கு, அதைத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார்கள். கடன் பெரியவர்களுடையது. அதற்குக் குழந்தையின் வகுப்பை அடகு வைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு தகவல். கல்லூரிகள் அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. அதே பழக்கத்தை வேலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். கட்டாயம் அசல் கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துடன் ஒரு ரசீது வாங்குங்கள்.

வீட்டில்: சொல்லாத பயம்

முதலாளியைவிடக் கஷ்டமான ஆள் யார் தெரியுமா? அப்பா.

எங்கள் தெருவில் ஒரு பெண். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண். அப்பா “போதும்” என்றார். காசு இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அவளும் காசைப் பற்றியே பேசினாள். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் நடக்கிறது, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கே வருகிறது என்று சொன்னாள். அப்பா அசையவில்லை.

பக்கத்து வீட்டு அத்தைதான் ஒருநாள் சாவகாசமாக அவரிடம் பேசிப் பார்த்தார். விஷயம் காசு இல்லை. கல்லூரி முடிந்து பஸ் மாறி வர ஏழு மணி ஆகும், பஸ் ஸ்டாண்டில் இருந்து வீடு வரை இருட்டு. அதைப் பயம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் காசு என்று சொன்னார்.

தயக்கம் தெரிந்ததும் பேச்சு மாறியது. அதே கல்லூரிக்குப் போகும் வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து வருவது, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் எந்த நேரத்து வண்டியில் ஏறினாலும் கவலையில்லை, ஏறியதும் ஃபோனில் இருப்பிடத்தை அப்பாவுக்கு அனுப்புவது, முதல் மாதம் அப்பாவே பஸ் ஸ்டாண்டுக்கு வருவது. அவள் இப்போது இரண்டாம் ஆண்டு. அப்பா இப்போதும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார், டீ குடிக்கிற சாக்கில்.

பையன்களுக்கும் இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, அதுவும் மாதம் 1,000 ரூபாய். பிளஸ் டூ முடித்ததும் பையனை வேலைக்கு அனுப்ப நினைக்கும் வீடுகளில் இதைச் சொல்லுங்கள்.

பேரம் பேசக் கூடாதவை

இவ்வளவு நேரம் இணக்கமாகப் பேசச் சொன்னேன். சில விஷயங்களில் பேச்சே கூடாது.

14 வயதுக்குட்பட்ட குழந்தை கடையிலோ பட்டறையிலோ வேலை செய்வதைப் பார்த்தால் முதலாளியிடம் நயமாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 1098-ஐ அழையுங்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்றாலும் அதே 1098.

வேலை இடத்தில் பாலியல் சீண்டல் என்றால் “அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்கிற பேச்சுக்கு இடமே இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். உதவிக்கு 181.

பேசியும் நடக்கவில்லை என்றால்

மரியாதையாகக் கேட்டும், தேதி கொடுத்தும், பதில் இல்லையா? அப்போது புகார் கொடுப்பது தவறே இல்லை. அது அடுத்த படி. கடை, நிறுவனம் என்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகம். பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417. எந்த அலுவலகம் என்றே தெரியவில்லையா? முதல்வரின் முகவரி உதவி எண் 1100. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. எங்கே மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டையும் மனு எண்ணையும் வாங்கி, ஃபோட்டோ எடுத்து வையுங்கள். நீங்கள் முன்பே எழுதிய ஒரு பக்கக் கடிதமும் அந்த வாட்ஸ்அப் செய்தியும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

நண்பர்களே, கேட்பதில் பயம் இருக்கத்தான் செய்யும். ஒரு ஃபோன் காலால் அம்மா மூன்றாவது மாடிக்குப் போனதை நான் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: தனியாகப் போகாதீர்கள், கோபத்தோடு போகாதீர்கள், வெறுங்கையோடும் போகாதீர்கள்.

போன வாரம் அம்மா கடைக்கு ஒரு சேலை எடுக்கப் போயிருந்தேன். கூட்டம் இல்லாத மதிய நேரம். கவுன்டருக்கு உள்ளே அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார், வாடிக்கையாளர் ஆச்சே! “நான்தாம்மா, உட்காரு” என்றேன். உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே எனக்குச் சேலை எடுத்துக் காட்டினார்.

உங்கள் ஸ்டூல் எது என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசியுங்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பெயரை எழுதுங்கள். கூட யார் வருவார்கள் என்று இரண்டு பெயர் எழுதுங்கள். மீதியைத் திங்கட்கிழமை பார்த்துக்கலாம்.